'அது கேஸ் தான்' என்கிற தேசிய வியாதி

நம்ம ஊர்ல எம்.பி.பி.எஸ். சீட்டுக்கு ஏன் இவ்வளவு அடிதடின்னு எனக்குப் புரியவே மாட்டேங்குது. ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் ஏற்கெனவே டாக்டர் தானே? நம்பிக்கை இல்லைன்னா நாளைக்கு ஆபீஸ்ல நாலு பேர் நடுவுல வயித்தைப் பிடிச்சுக்கிட்டு "லேசா வலிக்குது"ன்னு சொல்லிப் பாருங்க. பக்கத்து சீட்டுக்காரர் தலையைக் கூடத் திருப்ப மாட்டார். "கேஸா இருக்கும் பாஸ், ஒரு சோடா குடிங்க." வீட்டுக்கு வந்தா ஓமத்தண்ணி. மாமியார் வீடுன்னா பெருங்காயம் போட்ட மோர். மெடிக்கல் ஷாப் தம்பி, ப்ளஸ் டூ படிச்சிருப்பார், கேள்வியே கேக்காம ரெண்டு மாத்திரையைக் கிழிச்சுக் கொடுப்பார், காலையில வெறும் வயித்துல ஒண்ணு.

இதுல கொடுமை என்னன்னா, நூத்துக்குத் தொண்ணூறு தடவை அவங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். வலி நின்னுடும். அப்புறம் நாமளும் அந்த டாக்டர் கூட்டத்துல ஒரு ஆளாச் சேர்ந்துடுவோம்.

மீதி இருக்கிற பத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு. அதிலும் ஒரே ஒரு வியாதியை எடுத்துக்கிட்டு, "வலி நின்னுடுச்சுன்னா வியாதி போயிடுச்சு"ங்கிற நம்ம கணக்கு எவ்வளவு பெரிய தப்புக் கணக்குன்னு சொல்லப் போறேன். வியாதியோட பேரு குடல் செருகல். ஆங்கிலத்துல இன்டஸஸெப்ஷன். அதுவும் பெரியவங்களுக்கு வர்றது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டுறவன். இன்ஜினியரிங் படிச்சுட்டு எல்லாத்துக்கும் கருத்து சொல்ற கூட்டத்துல ஒருத்தன். எங்க வீட்ல ஒருத்தருக்கு இது வந்ததால ரெண்டு வருஷமா தேடித் தேடிப் படிச்சது இது. இதைப் படிச்சுட்டு வைத்தியம் பண்ணிக்காதீங்க. இதைப் படிச்சுட்டு டாக்டர்கிட்ட போங்க. வித்தியாசம் இருக்கு.

முதல்ல, இது என்னன்னு பார்ப்போம். முழுக்கைச் சட்டையை அவசரமாக் கழட்டும்போது கைப்பகுதி பாதி வரைக்கும் உள்ளேயே மடிஞ்சு மாட்டிக்குமே, அதே தான். குடலோட ஒரு துண்டு, அதுக்கு அடுத்து இருக்கிற துண்டுக்குள்ள நுழைஞ்சுடும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஆன்டெனாவை மடக்கினா ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும் பாருங்க, அந்த மாதிரி. குடல் சும்மா கிடக்கிற குழாய் இல்லை. சாப்பாட்டைத் தள்ளிக்கிட்டே இருக்கும். ஏதோ ஒரு இடத்துல சுவர்ல ஒரு கட்டியோ முடிச்சோ இருந்தா, குடல் அதையும் சாப்பாடுன்னு நினைச்சுத் தள்ளப் பார்க்கும். கட்டி முன்னாடி போகும். அது ஒட்டியிருக்கிற குடல் சுவரும் அது பின்னாடியே இழுத்துக்கிட்டுப் போகும். இப்படி முன்னால நின்னு இழுத்துட்டுப் போற அந்தக் கட்டிக்கு டாக்டர்கள் 'லீட் பாயின்ட்'னு பேரு வெச்சிருக்காங்க. இந்த வார்த்தையை மறந்துடாதீங்க, இந்தப் பதிவே இதை வெச்சுத்தான்.

உள்ள போற குடல் தனியாப் போறதில்லை. அதுக்கு ரத்தம் கொண்டு போற நாளங்கள் இருக்கிற சவ்வையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகும். இறுக்கத்துல முதல்ல அடைபடுறது ரத்தத்தை வெளியே கொண்டு போற சிரைகள். உள்ள வர்ற ரத்தம் வந்துக்கிட்டே இருக்கும், வெளியே போக வழி இல்லை. குடல் வீங்கும். வீங்க வீங்க இறுக்கம் கூடும். கடைசியில உள்ள வர்ற ரத்தமும் நின்னு, அந்தத் துண்டு அழுகிப் போகும். ஓட்டை விழுந்தா வயிறு முழுக்கச் சீழ். அதுக்கப்புறம் சோடா வேலை செய்யாது சாமி.

இது இன்னைக்கு நேத்து கண்டுபிடிச்சதும் இல்லை. ஆம்ஸ்டர்டாம்ல பார்பெட்ங்கிற டாக்டர் 1674-லயே இதை எழுதி வெச்சிருக்கார். 1789-ல ஜான் ஹன்ட்டர் இன்னும் விரிவா விவரிச்சார். 1871-ல லண்டன்ல ஜொனாதன் ஹட்சின்சன் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமா ஆபரேஷன் பண்ணி இதைச் சரி பண்ணினார். ஆக, மூணரை நூற்றாண்டா மருத்துவ உலகத்துக்குத் தெரிஞ்ச சமாச்சாரம். நம்ம பக்கத்து சீட்டுக்காரருக்குத் தான் தெரியலை.

குழந்தைகள் டாக்டர்களைக் கேட்டா இது அவங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. ரெண்டு, மூணு வயசுக்குள்ள இருக்கிற குழந்தை திடீர்னு காலை மடக்கிக்கிட்டு வீறிட்டு அழும், நடுவுல கொஞ்ச நேரம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், மறுபடியும் அழும், வாந்தி எடுக்கும், மலத்துல ரத்தமும் சளியும் கலந்து வரும். குழந்தைகள்ல சுமார் 90 சதவீதம் கேஸ்கள்ல குறிப்பா ஒரு காரணமும் கிடைக்காது. அதனால பெரும்பாலும் கத்தி வைக்காமலே ஆசனவாய் வழியா காத்தையோ உப்புத் தண்ணியையோ அழுத்தத்தோட செலுத்தி, மாட்டின குடலைப் பின்னாடி தள்ளி எடுத்துடுவாங்க. எக்ஸ்ரேயோ அல்ட்ராசவுண்டோ பார்த்துக்கிட்டே பண்றது இது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அதிலேயே சரியாயிடும்.

பெரியவங்க கதை தலைகீழ். மொத்தக் குடல் செருகல் நோயாளிகள்ல பெரியவங்க சுமார் 5 சதவீதம் தான். ஆனா அந்த 5 சதவீதத்துல பத்துக்கு ஏழு முதல் ஒன்பது பேருக்கு உள்ள ஒரு லீட் பாயின்ட் இருக்கும். அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்து மாசச்சூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி 30 வருஷ ரெக்கார்டைப் புரட்டி 1997-ல ஒரு கட்டுரை போட்டாங்க. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில 30 வருஷத்துல இந்த மாதிரி வந்த பெரியவங்க மொத்தமே 58 பேர். அவ்வளவு அபூர்வம். ஆனா அதுல 93 சதவீதத்துக்குப் பின்னாடி ஏதோ ஒரு நோய் இருந்துச்சு.

அந்த 'ஏதோ ஒண்ணு' என்னவா இருக்கலாம்? சாதாரணக் கொழுப்புக் கட்டியா இருக்கலாம், லைபோமான்னு சொல்வாங்க. பாலிப்பா இருக்கலாம். முன்னாடி பண்ணின ஆபரேஷனோட தழும்பு குடலோட ஒட்டினதா இருக்கலாம். பிறவியிலேயே வர்ற சின்னக் குடல்பையா இருக்கலாம். லிம்போமாவா இருக்கலாம். வேற எங்கேயோ ஆரம்பிச்ச புத்துநோய் குடலுக்குப் பரவினதா இருக்கலாம். குடலிலேயே ஆரம்பிச்ச புத்துநோயா இருக்கலாம். பொதுவா சிறுகுடல்ல இருந்தா சாதுவான கட்டியா இருக்க வாய்ப்பு அதிகம், பெருங்குடல்ல இருந்தா புத்துநோயைச் சந்தேகப்பட்டே ஆகணும்.

இப்ப என்னோட வாதத்துக்கு வர்றேன். பெரியவங்களுக்கு வர்ற குடல் செருகலை ஒரு வியாதின்னு நினைக்காதீங்க. அது ஒரு எர்ரர் மெசேஜ். நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது சட்டுனு புரியும். ப்ரொடக்‌ஷன்ல ஒரு சர்வர் வாரத்துக்கு ஒருதரம் தொங்குது. ரீஸ்டார்ட் பண்றோம், ஓடுது. டிக்கெட்டை மூடிடறோம். அடுத்த வாரம் மறுபடி தொங்குது, மறுபடி ரீஸ்டார்ட். எட்டாவது வாரம் டேட்டாபேஸே காலி. அன்னைக்கு ராத்திரி மேனேஜர் எல்லாரையும் உக்கார வெச்சுக் கேப்பார்: "ஏன்யா, ஏழு வாரமா என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? ஒருத்தன் கூடவா லாக்கைத் திறந்து பாக்கலை?" சர்வர் தொங்கினா ரூட் காஸ் என்னன்னு எட்டுப் பக்கம் ரிப்போர்ட் எழுதற அதே ஆளு, சொந்த வயிறு எட்டு மாசமாத் தொங்கினா சோடா குடிச்சு டிக்கெட்டை மூடறார். என்ன லாஜிக் இது?

இந்த வியாதி நம்மளை ஏமாத்தறதே இப்படித்தான். பெரியவங்களுக்குக் குழந்தைகள் மாதிரி பளிச்சுனு அறிகுறி வராது. குடல் கொஞ்சம் உள்ள போகும், வலிக்கும். தானாவே வெளியே வந்துடும், வலி நின்னுடும். ஒரு 'கடமுடா' சத்தம் கேக்கும், காத்துப் பிரியும். "பாத்தியா, நான் சொன்னேன்ல, கேஸு!" பத்து நாள் கழிச்சு மறுபடி. வாரக்கணக்கு, மாசக்கணக்குல இப்படியே இழுக்கும். டாக்டர் முன்னாடி போய் உக்காரும்போது வலி இருக்காது. வயித்தை அமுக்கிப் பார்த்தா மெத்து மெத்துனு இருக்கும். நம்ம பாஷையில சொன்னா இன்டர்மிட்டன்ட் பக். டெவலப்பர் மெஷின்ல ஓடும், கஸ்டமர் மெஷின்ல ஓடாது.

எங்க சித்தப்பா கதை இதுதான். அம்பத்தோரு வயசு. மளிகைக் கடை. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல வலது பக்கம் முறுக்கிப் பிழியற மாதிரி வலி. அரை மணி நேரம் இருக்கும், அப்புறம் போயிடும். கடையிலேயே இருக்கு ஓமமும் சுக்கும், அதைப் போட்டுக் கொதிக்க வெச்சுக் குடிச்சுடுவார். மூணு மாசம் கழிச்சு பக்கத்து டவுன்ல ஒரு டாக்டர். அல்சரா இருக்கும்னு மாத்திரை. அப்புறம் இன்னொரு இடத்துல எண்டோஸ்கோப்பி. நார்மல். அல்ட்ராசவுண்டு. நார்மல். 'நார்மல்'னு ரெண்டு காகிதம் கையில வந்ததும் வீட்ல கோயிலுக்குப் பொங்கல் வெச்சாங்க.

வாய் வழியா விடற அந்த எண்டோஸ்கோப்பி எது வரைக்கும் பார்க்கும் தெரியுமா? உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலோட முதல் சாண். அவ்வளவுதான். அதுக்கப்புறம் சிறுகுடல் சுமார் ஆறு மீட்டர், பெருங்குடல் ஒன்றரை மீட்டர் போகுது. வாசப்படியில நின்னு டார்ச் அடிச்சுட்டு வீட்ல திருடன் இல்லைன்னு எழுதிக் கொடுத்த மாதிரி. அல்ட்ராசவுண்டும் நல்ல கருவிதான், வலிக்கிற நேரத்துல, தெரிஞ்ச கையில இருந்தா இதைக் காட்டிக் கொடுத்துடும். ஆனா குடல்ல காத்து நிறைஞ்சிருந்தா அதுக்கு ஒண்ணும் தெரியாது. வலி இல்லாத நேரத்துல எடுத்தா குடல் வெளியே வந்திருக்கும், அப்பவும் ஒண்ணும் தெரியாது.

அதுக்குள்ள சித்தப்பா ஒன்பது கிலோ இளைச்சுட்டார். கடைக்கு வர்றவங்க எல்லாம் "என்ன அண்ணாச்சி, வாக்கிங் போறீங்களா, நல்லாக் குறைஞ்சுட்டீங்களே"ன்னு பாராட்டு. ரத்தம் எட்டு கிராம்னு வந்துச்சு. இரும்புச் சத்து டானிக் எழுதிக் கொடுத்தாங்க. அம்பது வயசு தாண்டின ஆம்பளைக்கு ரத்தம் எங்கே போகுதுன்னு ஒருத்தரும் கேக்கலை. டானிக் குடிச்சா மலம் கருப்பாப் போகும், அதனால ரத்தம் போனாலும் தெரியாது. இப்படி ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பங்குக்கு ஒரு அறிகுறியை மூடினாங்க. எட்டாவது மாசம் ஒரு ராத்திரி வயிறு பானை மாதிரி உப்பி, வாந்தி மேல வாந்தி, காத்தும் போகலை, மலமும் போகலை. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில ராத்திரி ரெண்டு மணிக்கு சி.டி. ஸ்கேன். சிறுகுடலோட கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள்ள ஒரு ஜாண் போயிருக்கு. அதை இழுத்துட்டுப் போனது பெருங்குடல் தொடங்கற இடத்துல இருந்த ஒரு கட்டி. அன்னைக்கே ஆபரேஷன். பயாப்சியில புத்துநோய், நிணநீர் முடிச்சுக்கும் போயிருக்கு, மூணாவது ஸ்டேஜ்.

ஆபரேஷனும் கீமோவும் முடிஞ்சு சித்தப்பா இப்ப கடையில உக்காந்திருக்கார். ஆனா அந்த எட்டு மாசம் யாருக்குப் போச்சு? அவருக்கா, அந்தக் கட்டிக்கா? இதை நினைச்சா எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கலை.

உடனே சில பேர் கிளம்புவாங்க: "கிராமத்து ஜனங்க அப்படித்தான், படிப்பறிவு இல்லை." நிறுத்துங்க. கிராமத்துப் பாட்டி 'குடல் ஏறிக்கிச்சு'ன்னு எண்ணெய் தேய்ச்சு வயித்தைத் தட்டுறாங்க, தொக்கம் எடுக்கறவர்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க. தப்புதான். அடைபட்டு வீங்கின குடலைத் தட்டுறதும் அமுக்கறதும், பேதி மருந்து கொடுக்கறதும் உயிருக்கே வினையாகலாம். ஆனா பாட்டியாவது வயித்துக்குள்ள ஏதோ இடம் மாறிக் கிடக்குன்னு சந்தேகப்பட்டாங்க. நம்ம ஓ.எம்.ஆர். ஆளுங்க என்ன பண்றாங்க? வருஷாவருஷம் கம்பெனி கொடுக்கிற மாஸ்டர் ஹெல்த் செக்கப்பை எடுத்துட்டு, "எல்லாம் க்ரீன்"னு ஸ்டேட்டஸ் போடறாங்க. அந்தப் பேக்கேஜ்ல குடலை எங்கே பார்த்தாங்க? வாட்ஸப்ல வர்ற 'வாயுத் தொல்லைக்கு ஏழு வழிகள்' ஃபார்வர்டை ஆறு குரூப்புக்கு அனுப்பறது யாரு, பாட்டியா? எல்லாம் பி.இ., எம்.சி.ஏ. தான்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கறது? பெரியவங்களைப் பொறுத்தவரை பதில் சி.டி. ஸ்கேன். குறுக்குவெட்டுல பார்த்தா வட்டத்துக்குள்ள வட்டமா, அம்பு எய்யற இலக்குப் பலகை மாதிரி தெரியும். நீளவாக்குல பார்த்தா தடிச்ச குழாய். நடுவுல கூடவே இழுத்துட்டு வந்த கொழுப்பும் ரத்தக்குழாயும் தெரியும், அதுதான் அடையாளம். எங்கே ஆரம்பிச்சு எங்கே முடியுது, ரத்த ஓட்டம் இருக்கா, கட்டி இருக்கா, வேற எங்கேயாவது பரவியிருக்கா எல்லாம் ஒரே தடவையில ஓரளவு தெரிஞ்சுடும். சாதாரண எக்ஸ்ரேல குடல் அடைப்பு இருக்குன்னு மட்டும் தெரியும், ஏன்னு தெரியாது.

இந்த சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடிச்சது டாக்டர் இல்லை, நம்ம ஆளு! காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு, எலக்ட்ரிகல் இன்ஜினியர். இசைத்தட்டுக்குப் பேர் போன ஈ.எம்.ஐ. கம்பெனியில கம்ப்யூட்டர் டிசைன் பண்ணிக்கிட்டு இருந்தவர். 1971-ல லண்டன்ல முதல் நோயாளியோட தலையை ஸ்கேன் பண்ணினாங்க. 1979-ல ஆலன் கார்மாக்கோட சேர்ந்து மருத்துவ நோபல் வாங்கினார். கார்மாக்கும் டாக்டர் இல்லை, இயற்பியல்காரர். ரெண்டு பேரும் உடம்பைத் திறக்காம உள்ள பாக்க ஒரு ஜன்னல் வெச்சுக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க. நாம ஜன்னலுக்குத் திரை போட்டுட்டு ஓமத்தண்ணி குடிக்கிறோம்.

"அப்ப வயிறு வலிச்சா உடனே சி.டி. எடுக்கணுமா? ஸ்கேன் சென்டர்ல கமிஷன் வாங்கறியா நீ?"ன்னு ஒரு அனானி கேப்பார். இல்லைங்க. வயித்துக்கு ஒரு சி.டி. எடுத்தா, இயற்கையா சுமார் மூணு வருஷத்துல உடம்புக்குக் கிடைக்கிற கதிர்வீச்சு ஒரே நாள்ல கிடைக்கும். செலவும் இருக்கு. ஒரு நாள் பரோட்டா சாப்பிட்டு வலிச்சதுக்கெல்லாம் யாரும் ஸ்கேன் எழுதக் கூடாது. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு: எண்ணுங்க. அதே இடத்துல, அதே மாதிரி, எத்தனாவது தடவை? கூடவே எடை குறையுதா, ரத்தம் குறையுதா, மலத்துல ரத்தமா, வாந்தியா? ஆமான்னா அதுக்குக் கேஸ்னு பேர் வைக்கிற உரிமை யாருக்கும் இல்லை. காரணத்தைத் தேடியே ஆகணும்.

இதோட மறுபக்கத்தையும் சொல்லாம விட்டா நானும் அரைகுறை டாக்டர் தான். சி.டி. மெஷின் பெருகினதும் இன்னொரு கூத்து ஆரம்பிச்சுது. சிறுநீரகக் கல்லுக்காகவோ வேற எதுக்காகவோ ஸ்கேன் எடுத்தா, ரிப்போர்ட்ல ஓரமா 'சிறுகுடல்ல குடல் செருகல்'னு ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துட்டு வீடே அழும். அவசரப்படாதீங்க. குடல் அசையும்போது ஒரு நொடி உள்ள போய் வெளியே வர்றது சில பேருக்கு நடக்கும், ஸ்கேன் அந்த நொடியைப் படம் பிடிச்சிருக்கும். சிறுகுடல்ல, நீளம் குறைச்சலா, கட்டி இல்லாம, அடைப்பு இல்லாம, ஆளுக்கும் ஒண்ணும் இல்லாம இருந்தா பெரும்பாலும் தானா சரியாயிடும். 3.5 செ.மீ.க்குக் குறைவா இருந்தா தானா விலகற வாய்ப்பு அதிகம்னு 2003-ல ரேடியாலஜி பத்திரிகையில வந்த ஒரு ஆய்வு சொல்லுது. கோதுமைப் புரதம் ஒத்துக்காத சீலியாக் நோய்க்காரங்களுக்கும் இப்படி வந்து போகும். அதுக்கெல்லாம் கத்தி தேவையில்லை, கவனிப்பு தான் தேவை. தேவைப்பட்டா மறுபடி ஒரு படம்.

முரண்பாடா இருக்கா? இல்லை. ரெண்டு இடத்துலயும் கேள்வி ஒண்ணே தான்: "லீட் பாயின்ட் இருக்கா?" இருந்தா, வலி நின்னாலும் விடக் கூடாது. இல்லைன்னா, பேரைப் பார்த்துப் பயப்படக் கூடாது.

வைத்தியத்துக்கு வருவோம். "குழந்தைக்குக் காத்தடிச்சு எடுக்கறாங்களே, பெரியவங்களுக்கு மட்டும் ஏன் வயித்தைக் கிழிக்கணும்? பணம் பறிக்கத்தானே?" இது அடுத்த புரளி. காரணத்தை மேலேயே சொல்லிட்டேன். பெரியவங்களுக்குக் காத்தடிச்சுக் குடலை வெளியே தள்ளிட்டாலும் கட்டி அங்கேயே தான் இருக்கும். ரீஸ்டார்ட் கதை தான். அதுவும் பெருங்குடல்ல, புத்துநோயா இருக்கலாம்னு சந்தேகம் இருக்கிற இடத்துல, ஆபரேஷன் தியேட்டர்ல கூட இழுத்து விடறதைத் தவிர்ப்பாங்க. இழுத்தா வீங்கின குடல் கிழியலாம், கட்டியோட செல்கள் சிதறிப் பரவலாம்னு பயம். அதனால மாட்டினது மாட்டினபடியே, சுத்தியிருக்கிற நிணநீர் முடிச்சுகளோட சேர்த்து அந்தப் பகுதியை வெட்டி எடுத்துட்டு, நல்ல முனைகள் ரெண்டையும் இணைச்சுடுவாங்க.

சிறுகுடல்னா கொஞ்சம் யோசிப்பாங்க. குடல் உயிரோட இருக்கு, கட்டி சாதுவானதுன்னு தெரிஞ்சா, முதல்ல மெதுவா வெளியே எடுத்துட்டு, தேவையான அளவு மட்டும் வெட்டுவாங்க. ஏன்னா சிறுகுடல் தான் சத்தை உறிஞ்சறது, அதிகமா வெட்டிட்டா காலம் பூரா அவஸ்தை. எடை குறைக்க இரைப்பை பைபாஸ் பண்ணிக்கிட்டவங்களுக்குச் சில வருஷம் கழிச்சு, லீட் பாயின்ட்டே இல்லாம, இணைப்பு போட்ட இடத்துல இது வரலாம். அது தனி ரகம். அவங்களுக்குப் பொறுக்க முடியாத வயித்து வலி வந்தா, பைபாஸ் பண்ணின விஷயத்தை டாக்டர்கிட்ட முதல் வரியிலேயே சொல்லணும். எந்த ரகமா இருந்தாலும் நிலைமையைப் பொறுத்து சின்ன ஓட்டை போட்டு லேப்ராஸ்கோப்பியில பண்றதும் உண்டு.

ஆபரேஷனோட கதை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. வெட்டி எடுத்ததை பயாப்சிக்கு அனுப்புவாங்க. அந்த ரிப்போர்ட்தான் ரூட் காஸ். தையல் பிரிச்ச சந்தோஷத்துல அதை வாங்காமலே ஊருக்குப் போனவங்க இருக்காங்க. தயவு செஞ்சு கையில வாங்கி, டாக்டரை உக்கார வெச்சு, "இது என்ன கட்டி, அடுத்து என்ன?"ன்னு கேட்டுட்டுப் போங்க.

டாக்டர்களை மட்டும் திட்டினா நியாயம் இல்லை. ஓ.பி.யில ஒரு ஆளுக்கு மூணு நிமிஷம். அந்த மூணு நிமிஷத்துல நாம என்ன சொல்றோம்? "வயித்து வலி டாக்டர், கேஸுன்னு நினைக்கிறேன்." பரீட்சைக் கேள்வியைக் கேக்காம விடையைச் சொல்றோம். மலத்துல ரத்தம் வந்ததைச் சொல்ல வெக்கம். பொண்டாட்டி பக்கத்துல நின்னா இன்னும் வெக்கம். எத்தனை நாளான்னு கேட்டா "கொஞ்ச நாளா". பக் ரிப்போர்ட்டை இப்படி எழுதினா எந்த டெவலப்பர் சரி பண்ணுவார்?

அதனால ஒழுங்கா ஒரு பக் ரிப்போர்ட் எழுதிக்கிட்டுப் போங்க. ஒரு துண்டுச் சீட்டு போதும்:

- முதல்ல எப்ப வலிச்சுது, இதுவரைக்கும் எத்தனை தடவை
- எந்த இடம், எவ்வளவு நேரம், சாப்பாட்டுக்குச் சம்பந்தம் உண்டா
- அலை அலையா வந்து போகுதா, ராத்திரி தூக்கத்துல எழுப்புதா
- எடை எவ்வளவு குறைஞ்சுது (முயற்சி பண்ணாம)
- மலத்துல ரத்தம், கருப்பு, சளி, புதுசா மலச்சிக்கல்
- வாந்தி, வயிறு உப்பசம்
- முன்னாடி நடந்த ஆபரேஷன், குடும்பத்துல குடல் புத்துநோய்

வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காத்தும் மலமும் சுத்தமா நின்னு போனா துண்டுச் சீட்டெல்லாம் எழுதிக்கிட்டு இருக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணின்னாலும் ஆபரேஷன் வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. வாய் வழியா ஒண்ணும் கொடுக்காதீங்க, முக்கியமா பேதி மருந்து.

"இவ்வளவு அபூர்வமான வியாதிக்கு இவ்வளவு நீளப் பதிவா?"ன்னு கேட்டீங்கன்னா, நியாயமான கேள்வி. உங்களுக்குக் குடல் செருகல் வர்ற வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு. ஆனா அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற சமாச்சாரங்கள் அவ்வளவு அபூர்வம் இல்லை. பெருங்குடல் புத்துநோய் அபூர்வம் இல்லை. நம்ம நாட்டுல குடல் காசநோயும் அபூர்வம் இல்லை. அது எல்லாமே ஆரம்பத்துல இதே வேஷத்துல தான் வரும்: வந்து போற வலி, குறையற எடை, குறையற ரத்தம். அது எல்லாத்தையும் நாம ஒரே கோணிப்பைக்குள்ள போட்டு மேல 'கேஸ்'னு எழுதி மூலையில வெச்சுடறோம்.

ஆகவே சக பதிவர்களே, வீட்டு வைத்தியக் குறிப்பு எழுதறவங்க தாராளமா எழுதுங்க, நானும் எங்கம்மா வெக்கிற சுக்குக் கஷாயத்துக்கு அடிமை தான். ஆனா 'வாயுத் தொல்லைக்கு அருமருந்து'ன்னு எழுதற ஒவ்வொரு பதிவுக்கும் கீழே ஒரே ஒரு வரி சேருங்க: "மூணாவது தடவை வந்தா, இதைக் குடிக்காதீங்க, டாக்டரைப் பாருங்க." அந்த ஒரு வரியைப் படிச்சுட்டு யாரோ ஒரு கடைக்கார அண்ணாச்சி மூணாவது மாசமே கிளம்பிப் போனா, நீங்க எழுதின அத்தனை கவிதையையும் நான் மன்னிச்சுடறேன்.

திட்டுறவங்க பின்னூட்டத்துல வரிசையா வாங்க. "கேஸா இருக்கும்"னு மட்டும் யாரும் எழுதாதீங்க, ரிலீஸ் பண்ண மாட்டேன்.